நாலாயிரம் டாலர் டர்ன்டேபிளும் அதன் ஏழைத் தாயாதிகளும்

சென்ற ஆண்டு எங்கள் வாசகர் வட்டத்துக்கு எதிர்பாராத சொத்தொன்று வந்து சேர்ந்தது. மூத்த நண்பர் ஒருவர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் புறப்படுமுன், தம்மிடமிருந்த இசைத்தட்டுகளை மூன்று மரப்பெட்டிகளில் அடுக்கி எங்களிடம் ஒப்படைத்தார். பெரும்பாலானவை எல்.பி.; கொஞ்சம் ஈ.பி.; அடியில், பழைய செய்தித்தாளில் பொதிந்து, இருபதுக்கு மேற்பட்ட 78 சுற்று அரக்குத் தட்டுகள். "கேளுங்கள். அலமாரியில் அழகுக்கு வைக்காதீர்கள்" என்பதைத் தவிர வேறு நிபந்தனை ஏதும் அவர் விதிக்கவில்லை. அவருடைய பழைய பிளேயரோ எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. ஆக, புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்கியாக வேண்டும்.

எங்களில் ஒலிக்கருவிப் பித்துக் கொண்டவர் ஒருவர் உண்டு. "வாங்கினால் டெக்னிக்ஸ். இல்லாவிட்டால் வாங்காமலே இருப்பது மேல்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். அவர் சொன்ன மாதிரி 2016ஆம் ஆண்டு ஏறத்தாழ நாலாயிரம் டாலர் விலையில் வெளிவந்தது. அந்தத் தொகைக்கு எங்கள் வட்டம் பத்தாண்டுகளுக்குக் கூட்டம் நடத்தலாம், தேநீர் உட்பட. அப்படியானால் நம் கைக்கு எட்டும் மாற்று எது? கடைப் பட்டியல்களில் விடை தேடத் தொடங்கிய நாங்கள், சில வாரங்களில் சரித்திரத்துக்குள் போய் விழுந்திருந்தோம். விலையுயர்ந்த கருவி ஏன் விலையுயர்ந்தது, அந்த விலை யாருடைய தேவைக்காகக் கொடுக்கப்படுகிறது என்று தெரியாமல் அதற்கு மாற்றுத் தேடுவது வீண்வேலை என்று எங்களுக்குப் பட்டது.

ஒரு டர்ன்டேபிள் செய்ய வேண்டிய வேலை சிறிது. தட்டைத் தாங்கும் சுழல்மேடையை நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, முப்பத்து மூன்றே மூன்றிலொரு பங்கு முறை, கூடாமல் குறையாமல் சுற்ற வேண்டும். சுற்றும்போது தன் நடுக்கத்தை ஊசிக்குக் கடத்தாமல் இருக்க வேண்டும். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யை அறிமுகப்படுத்தியபோது இந்தச் சிறிய வேலை கடினமாகிவிட்டது. வரிகள் மெலிந்தன. அவற்றில் எழுதப்பட்ட அசைவுகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுகின. மோட்டாரின் உறுமலும் அதே அளவினதாக இருந்தால் ஊசி இரண்டையும் வேறுபடுத்தி அறியாது, இரண்டையும் பாடிவிடும்.

சுற்றுவதற்கு மூன்று வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. மூன்றையும் நம் வீட்டுப் பொருள்களிலேயே பார்த்திருக்கிறோம். சைக்கிள் டைனமோ டயரில் உரசிச் சுழல்வது போல, மோட்டாருக்கும் மேடை விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர்ச் சக்கரத்தை அழுத்தி வைப்பது முதல் வழி. 1950களில் இங்கிலாந்தின் காரர்ட் 301 இவ்வழியில் புகழ்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லென்கோ, அதே உத்தியை நடுத்தரக் குடும்பங்களின் விலைக்குக் கொண்டுவந்தது. வலுவான இழுப்பு உண்டு. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்று என்ற கணக்கில் ஓடும் மோட்டாரின் அதிர்வு ரப்பர் வழியே மேடைக்கு ஏறும். இரண்டாவது வழி தையல் இயந்திரத்தின் வழி: மோட்டாரைத் தள்ளி வைத்து ஒரு பெல்ட்டால் இழுப்பது. பெல்ட் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். ஆனால் வழுக்கும், நாளாவட்டத்தில் தளரும். மூன்றாவது, கூரை மின்விசிறியின் வழி. விசிறிக்கு பெல்ட் ஏது? இறக்கைகள் மோட்டாரிலேயே பூட்டப்பட்டிருக்கின்றன. அதுபோல, சுழல்மேடையின் அச்சே மோட்டாரின் அச்சாக இருப்பதைத்தான் டைரக்ட் டிரைவ், நேரடி இயக்கம், என்கிறார்கள்.

மலிவு மாற்றின் சரித்திரத்தில் முதல் நாயகராக நாங்கள் கொண்டாட விரும்புபவர் எட்கர் வில்ச்சர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்குஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தை நடத்தியவர். அலமாரி அளவிலிருந்த ஒலிபெருக்கியைப் புத்தகத் தட்டில் வைக்கும் பெட்டிக்குள் 1954இல் அடக்கிக் காட்டியவரும் இவர்தான். 1961இல் அவருடைய டர்ன்டேபிள் வெளிவந்தது. அறிமுக விலை அறுபது டாலருக்கும் குறைவு. ஊசிக்கையும் அதில் சேர்த்தி.

வில்ச்சர் செய்தது என்ன? மற்றவர்கள் கனத்த இரும்பையும் பெரிய மோட்டாரையும் சேர்த்துக்கொண்டே போனபோது, இவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். மெதுவாகச் சுழலும் ஒரு சிறு மோட்டாரை மேற்பலகையில் பொருத்தினார். சுழல்மேடையையும் ஊசிக்கையையும் ஒரே உலோகச் சட்டத்தில் இணைத்து, அந்தச் சட்டத்தை மூன்று சுருள்வில்களில் தொங்கவிட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட். வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியில் மேடை அசைந்தால் கையும் அதனோடேயே அசையும். ஆகவே ஊசிக்கும் தட்டுக்கும் இடையிலான உறவு கலைவதில்லை. தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே பலகையைச் சுத்தியால் தட்டிக் காட்டுவார்களாம். பாட்டு பாட்டுக்கு ஓடும்.

இதற்கு விலையாகச் சில சௌகரியங்களைத் தியாகம் செய்ய வேண்டியிருந்தது. தானாகத் தட்டு மாற்றும் வசதி கிடையாது. கையை மெல்லத் தூக்கி இறக்கும் நெம்புகோலும் தொடக்கத்தில் கிடையாது. 33இலிருந்து 45க்குப் போக மேடையைக் கழற்றி பெல்ட்டை இடம் மாற்ற வேண்டும். காதுக்குக் கேட்காத எதற்கும் வாங்குபவரிடம் காசு கேட்கக்கூடாது என்ற பிடிவாதம் அந்தக் கருவி முழுவதும் தெரிகிறது. இவர் பின்னாளில் செவித்திறன் குறைந்தோருக்கான கருவி ஆராய்ச்சியில் இறங்கி, 1973இல் வெளியிட்ட முக்கியமான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோராமல் யாவருக்கும் விட்டுக்கொடுத்தார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 2011இல் காலமானார்.

இனி ஜப்பான். ஒசாகாவைத் தலைமையகமாகக் கொண்ட மட்சுஷிட்டா (இன்றைய பானாசோனிக்) நிறுவனத்தில் ஷூயிச்சி ஒபாட்டா என்ற பொறியாளர் பெல்ட்டையும் ரப்பரையும் ஒரேயடியாக ஒழிக்க முனைந்தார். தேய்ந்து போகக்கூடிய பொருளே நடுவில் இருக்கக்கூடாது. மோட்டாரே முப்பத்து மூன்று சுற்றில் சுழல வேண்டும். அவ்வளவு மெதுவாகவும் சீராகவும் ஓடும் மோட்டாரை மின்னணுச் சுற்றுகளின் துணையில்லாமல் கட்டுப்படுத்த இயலாது. டிரான்சிஸ்டர்கள் மலிந்த காலம் அதற்குக் கைகொடுத்தது. டெக்னிக்ஸ் என்ற வணிகப் பெயரில் எஸ்.பி.-10 பிறந்தது 1970ஐ ஒட்டி. வானொலி நிலையங்கள் அதைத் தேடிக்கொண்டன. அறிவிப்பாளர் பொத்தானை அழுத்திய கணத்தில் பாட்டு சரியான வேகத்தில் தொடங்கியாக வேண்டும் அல்லவா? அந்த உடனடித்தன்மைக்குத்தான் நேரடி இயக்கத்தின் முறுக்குவிசை பயன்பட்டது. வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு அரை நொடி முந்தினால் என்ன, பிந்தினால் என்ன?

1972இல் அதன் வீட்டு வடிவமாக எஸ்.எல்.-1200 வந்தது. வீட்டுக்கென்று செய்த அந்தக் கருவியை வேறொரு வீதி எடுத்துக்கொண்டது.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி, 1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி காம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். தட்டுப் போட்டவன் அவள் அண்ணன் கிளைவ். ஜமைக்காவில் பிறந்து வந்தவன். கூல் ஹெர்க் என்று உலகம் பின்னர் அறிந்துகொண்ட பெயர். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுபவர்கள் பித்தேறுகிறார்கள் என்பதை அவன் கவனித்திருந்தான். ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு டர்ன்டேபிள்களில் வைத்து, அந்த நொடிகளை மாறிமாறி நீட்டும் உத்தி அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது. ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாக இன்று அந்தத் தேதி கொண்டாடப்படுகிறது.

அவனைத் தொடர்ந்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் எங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானவன். பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவன். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவன். தட்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி, குறித்த தாளத்தில் விட்டால் அது உடனே வேகம் பிடிக்க வேண்டும். பெரும்பாலான பெல்ட் கருவிகள் இதற்கு ஒத்துழைக்கவில்லை. பெல்ட் வழுக்கியது, தட்டு தயங்கித் தயங்கி வேகத்துக்கு வந்தது. கிடைத்த கருவிகளையெல்லாம் அவன் ஒரு ஆய்வாளனைப் போலச் சோதித்து, முறுக்குவிசை என்ற ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தான். மேடையின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, தட்டு வழுகும்படி கம்பளித் துணியை வட்டமாக வெட்டிப் போட்டான். தையல் தெரிந்த தாயின் மகன் என்பதை அவனே சொல்லியிருக்கிறான். காசில்லாத அந்த இளைஞர்களிடம் தெளிவு இருந்தது. தமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

டெக்னிக்ஸ் இதைக் கவனித்தது. 1979இல் வெளியிட்ட எஸ்.எல்.-1200 எம்கே2வில் குவார்ட்ஸ் கட்டுப்பாடும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க நீளமான ஒரு நகர்த்தியும் இடம்பெற்றன. நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பிடிக்க 0.7 நொடி. அதன்பின் அது வீட்டுக் கருவி என்பதே மறந்துபோயிற்று. முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்தது வேறு கூத்து. சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். ஜப்பானியரின் குவார்ட்ஸ் துல்லியத்துக்கு எதிராக அங்கே பெல்ட் ஒரு கொள்கையாகவே உயர்த்திப் பிடிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் பிறந்த லின் சோன்டெக் எல்.பி.12, வில்ச்சரின் தொங்கும் சட்டத்தை அடியொற்றியது. அறுபது டாலருக்குள் கிடைத்த சிக்கனத்தின் வாரிசு அது. இன்று அதன் உயர்ந்த வடிவம் டெக்னிக்ஸின் நாலாயிரத்தைப் பலமடங்கு தாண்டி நிற்கிறது. எளியவருக்கென்று பிறந்த ஒன்று சீமான்களின் கூடத்துக்குக் குடிபோவது இலக்கியத்தில் மட்டும் நடக்கும் விஷயமல்ல போலும். வில்ச்சரின் சிக்கனத்தை உண்மையில் காப்பாற்றியது ரீகா நிறுவனம் என்போம். சுருள்வில்லையும் விட்டுவிட்டு, கண்ணாடி மேடை, இலகுவான பலகை, நல்ல கை என்று 1970களின் பிற்பகுதியில் அதன் பிளேனர் 3 வந்தது.

1982இல் சி.டி. வந்தபின் எல்லாம் சரிந்தது. அந்தச் சரிவின் நடுவில் ஒரு கிளைக்கதை எங்களை மிகவும் ஈர்த்தது. செக்கோஸ்லோவாகியாவின் லிடோவல் ஊரில் டெஸ்லா என்ற அரசுடைமை நிறுவனத்தின் டர்ன்டேபிள் ஆலை ஒன்று இருந்தது. 1989இல் ஆட்சி மாறி, மேற்கின் சந்தை திறந்தபோது, இந்தப் பழங்கருவிகளை யார் வாங்குவார்கள்? ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹைன்ஸ் லிக்டன்எகர் அந்த ஆலையோடு கைகோத்து, 1991இல் ப்ரோ-ஜெக்ட் என்ற பெயரில் எளிய பெல்ட் டர்ன்டேபிள்களைச் செய்விக்கத் தொடங்கினார். உலகமே இசைத்தட்டைக் குப்பையில் எறிந்துகொண்டிருந்த வேளை அது. 1990களின் இறுதியில் வந்த அவர்களுடைய டெபியூ மாதிரி, மாணவர்களும் வாங்கக்கூடிய மாற்றாக நிலைபெற்றது. பொதுவுடைமை அரசின் ஆலைத் தொழிலாளரின் கைப்பழக்கம்தான் அதை அந்த விலைக்குச் சாத்தியமாக்கியது.

டெக்னிக்ஸோ 2010இல் எஸ்.எல்.-1200 உற்பத்தியை நிறுத்தியது. ஆறாண்டு கழித்து மீண்டும் தொடங்கியபோது பழைய அச்சுகள் இல்லை. மோட்டாரையும் புதிதாக வடிவமைத்திருந்தார்கள். விலை நாம் முன்பு சொன்ன நாலாயிரம். 2017இல் ஜி.ஆர்., 2019இல் எம்கே7 என்று படிப்படியாக இறங்கி வந்தும், ஆயிரம் டாலருக்குக் கீழே அந்தக் குடும்பம் எளிதில் இறங்கவில்லை. இடைவெளியை நிரப்பியவர்கள் தைவான்காரர்கள். ஹான்பின் போன்ற ஆலைகள், பெயர் போடாமல், பல வணிகப் பெயர்களுக்காக எம்கே2வின் சாயலில் நேரடி இயக்கக் கருவிகளைச் செய்து கொடுத்துவந்தன. பயனீர் 2014இல் எழுநூறு டாலருக்கு பி.எல்.எக்ஸ்.-1000ஐ வெளியிட்டது. அதன் தொடக்க முறுக்குவிசை, காகிதத்தில், எம்கே2வினுடையதைப் போல மும்மடங்கு. ஆடியோ-டெக்னிக்காவின் ஏ.டி.-எல்.பி.120 வரிசை முந்நூறு டாலர் அளவில் கிடைத்தது.

எங்கள் கூட்டத்துக்குத் திரும்புவோம். இதற்குள் ஒரு விபத்து நடந்துவிட்டிருந்தது. பொறுமையற்ற நண்பர் ஒருவர், பார்க்க அழகான பெட்டி வடிவப் பிளேயர் ஒன்றை மிக மலிவாக வாங்கிவந்து, எல்.பி. ஒன்றை அதில் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டிவிட்டார். அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும்; நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் எடையில் தட்டைத் தொடுமிடத்தில் இது ஐந்து கிராம் வரை அழுத்தும். தட்டின் கடைசிப் பாட்டில், உச்சஸ்தாயி வரும் இடமெல்லாம் இப்போது மணல் கொட்டுவது போலொரு கரகரப்பு. அந்தத் தட்டை மூத்த நண்பரிடம் இன்னும் காட்டவில்லை. பணத்தில் சேமித்ததைத் தட்டில் இழந்தோம்.

எனவே தராசை மாற்றி வைத்தோம். கேட்பவர்களாகிய நமக்கு முறுக்குவிசை வேண்டாம். மும்மடங்கு இருந்தாலும் வேண்டாம். அதிர்வற்ற சீரான சுழற்சி போதும். மிச்சம் பிடிக்கும் காசு ஊசிக்குப் போகட்டும். ஏனென்றால் தட்டைத் தொடுவது அது ஒன்றுதான். இந்தக் கணக்குப்படி எளிய பெல்ட் கருவியே எங்கள் முடிவாக இருந்திருக்கும், பெட்டியின் அடியில் அந்த அரக்குத் தட்டுகள் மட்டும் இல்லாதிருந்தால்.

புகழ்பெற்ற எம்கே2வில் 78 சுற்று இல்லை. மலிவான பெல்ட் கருவிகள் பலவற்றிலும் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கலை எங்கள் வயலின் நண்பர் எடுத்துக்காட்டினார். 78 என்ற பெயரே பின்னாளில் நிலைபெற்றது. மின்சாரத்தின் அலைவரிசைக்கேற்ப ஒரு பாதி உலகில் அது 78.26, மறு பாதியில் 77.92. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஒலிப்பதிவுப் பொறியின் வேகம் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதைத் தாண்டிக்கூட இருந்ததுண்டு. 74இல் பதிவான குரலை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடும். பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்பதே பொய்யாகிவிடும். பழைய வித்வான்களெல்லாம் கீச்சுக் குரலில், மூச்சுவிடாமல் பாடினார்கள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார் அவர்.

ஆக எங்களுக்கு வேண்டியவை மூன்று: 78 சுற்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி, மாற்றக்கூடிய ஊசி. நடன அரங்குகளுக்காக எம்கே2வில் நீண்ட அந்த நகர்த்தி, தைவான் வழியாக மலிந்து, ஏ.டி.-எல்.பி.120இன் பிற்கால வடிவத்தில் எட்டு அல்லது பதினாறு சதவீதம் வரை வேகத்தை மாற்றும் வசதியாக இருந்தது. அதையே வாங்கினோம். டெக்னிக்ஸ் நண்பர் அதன் கையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் சொன்னதிலும் நியாயமுண்டு; தாங்கிகளின் நேர்த்தியில் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் மிச்சமான தொகையில் இரண்டு ஊசிகள் வாங்கினோம். எல்.பி.க்கு ஏறத்தாழ 18 மைக்ரான் முனை. அரக்குத் தட்டின் அகன்ற வரிக்கு 76 மைக்ரான் முனை. மெல்லிய ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது வரியின் அடியில் விழுந்து, நூறாண்டுத் தூசியைத்தான் வாசிக்கும்.

முதல் அரக்குத் தட்டை ஒரு ஞாயிறு மாலை வைத்தோம். ஆண்குரல், உறையில் பெயர் தேய்ந்திருந்தது. நகர்த்தி நடுவில் நின்றபோது குரல் மெலிந்து, பிருகாக்கள் எறும்பு ஓடுவது போல ஓடின. வயலின் நண்பர் மடியில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, நகர்த்தியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழே இழுத்தார். மூன்று சதவீதத்தில் குரலுக்கு மார்பு வந்தது. ஐந்தில் பக்கவாத்தியத்தின் தந்தி ஒலி இயல்பானது. ஆறில் தொய்ந்துவிட்டது, மீண்டும் மேலே ஏற்றினார். நாலரையா ஐந்தா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். மூத்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, கருவியின் அருகே பிடித்துக் கேட்கவைத்தோம். மூன்று நிமிடமும் அவர் பேசவில்லை. பிறகு, "எங்கள் வீட்டில் இது இவ்வளவு நிதானமாகக் கேட்டதே இல்லை" என்றார்.

உறையின் உட்புறம் பென்சிலால் 'கழித்தல் 5' என்று குறித்துவைத்திருக்கிறோம். இன்னும் இருபது தட்டுகள் இருக்கின்றன.